ஒரு நாள் விருந்தாளி

மழை கொட்டுகிறது. ஒரு நாய்க்குட்டி உங்கள் வாசலில் ஒதுங்குகிறது. உடம்பு முழுவதும் ஈரம். குளிரில் நடுங்குகிறது. உங்களைப் பார்த்து வாலை ஆட்டுகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

நம்மில் பலர் அதை விரட்ட மாட்டோம். ஒரு சாக்கை விரிப்போம். கொஞ்சம் சோறு வைப்போம். "ஒரு ராத்திரிதானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்போம்.

இது நல்ல மனம். வாயில்லா உயிருக்கு இரங்குவது நம் வழக்கம். அதை விட வேண்டாம். ஆனால் ஒரு ராத்திரி தங்கும் விருந்தாளியும் தன்னுடன் நோயைக் கொண்டு வரலாம். அது நம் குழந்தைகளுக்கு வரலாம். நாம் வளர்க்கும் நாய், பூனை, ஆடு, மாட்டுக்கும் வரலாம். அதனால் இரக்கத்தோடு எச்சரிக்கையும் வேண்டும்.

என்ன எச்சரிக்கை? முதலில் ஒரு கதையைப் படிப்போம்.

தாராவியில் ஒரு மழைக்காலம்

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர்கள் அதிகம். அங்கே இட்லி சுட்டு விற்பவர்களும் நிறைய பேர்.

அப்படி ஒரு வீடு. ஒரே அறை. அப்பா, அம்மா, ஆச்சி, ஒரு பையன், ஒரு பெண். பையனுக்கு 9 வயது. தங்கைக்கு 6 வயது. வீட்டில் ஒரு பூனையும் உண்டு.

ஜூலை 4-ஆம் தேதி மாலை. பெருமழை. பையன் சட்டைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தான். ஒரு நாய்க்குட்டி!

"அம்மா, பாவம்மா. சாக்கடையில் விழப் பார்த்தது. ஒரு நாள் மட்டும் இருக்கட்டும்மா."

அம்மாவுக்கும் பாவமாக இருந்தது. "சரி, நாளைக்குக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்" என்றாள். குட்டிக்குப் பால் கிடைத்தது. பழைய சேலை கிடைத்தது. பிள்ளைகள் இருவரும் அதை மடியில் வைத்துக்கொண்டார்கள். அது கையை நக்கியது. காலை நக்கியது. ராத்திரி அவர்கள் பக்கத்திலேயே தூங்கியது.

மறுநாள் காலை. அம்மா இட்லிகளைப் பாத்திரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். விற்கப் போகும் நேரம். பையன் "ஆ!" என்று கத்தினான். குட்டி அவன் விரலைக் கடித்துவிட்டது. விளையாட்டாகத்தான் கடித்தது. ஒரு சொட்டு ரத்தம் வந்தது.

ஆச்சி ஓடி வந்தாள். "மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் கொண்டு வா. வைத்துக் கட்டினால் விஷம் இறங்கிவிடும்."

அந்த நேரம் பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். அவள் சுகாதார ஊழியர். வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் நலம் கேட்பவள்.

"ஆச்சி, மிளகாய்ப்பொடி வேண்டாம். சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்" என்றாள் அக்கா. பையனைக் குழாயடிக்கு அழைத்துப் போனாள். விரலில் சோப்புப் போட்டாள். தண்ணீர் விட்டுக் கழுவினாள். நிறுத்தவே இல்லை. 15 நிமிடம் கழுவினாள்.

"இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு" என்றாள் அம்மாவிடம்.

"அக்கா, இட்லியை விற்றுவிட்டு மத்தியானம் போகக் கூடாதா? எல்லாம் வீணாகப் போய்விடும். ஒரு சொட்டு ரத்தம்தானே? குட்டியும் சின்னக் குட்டிதானே?"

"குட்டி சின்னதுதான். நோய் சின்னதில்லை. அது வந்துவிட்டால் மருந்து கிடையாது. வருவதற்கு முன்னால்தான் மருந்து. தாமதம் பண்ணாதே."

ஆச்சி பாத்திரத்தைத் தூக்கினாள். "நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. இட்லியை நான் விற்றுவிட்டு வருகிறேன்."

கிளம்பும் முன் அக்கா இன்னொரு கேள்வி கேட்டாள். "வேறு யாரையாவது குட்டி கடித்ததா? நகத்தால் கீறியதா? புண்ணில் நக்கியதா?"

யாரும் பேசவில்லை. தங்கை மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உன்னை யாரும் திட்ட மாட்டார்கள். சொல்லும்மா."

சிறுமி பாவாடையைத் தூக்கி முழங்காலைக் காட்டினாள். இரண்டு நாளுக்கு முன் விழுந்த சிராய்ப்பு. இன்னும் ஆறவில்லை. "இதைத்தான் ராத்திரி நக்கிக்கொண்டே இருந்தது. அம்மா குட்டியை வெளியே விட்டுவிடுவாள் என்று சொல்லவில்லை."

அவளுக்கும் புண்ணைக் கழுவினார்கள். இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். இருவருக்கும் புண்ணைச் சுற்றி மருந்து போட்டார்கள். கைகளில் தடுப்பூசி போட்டார்கள். அடுத்த ஊசிக்கான தேதிகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

பிறகு குட்டி என்ன ஆனது?

அக்கா குட்டியை விரட்டச் சொல்லவில்லை. "10 நாள் அதைக் கவனிக்க வேண்டும். தெருவில் விட்டால் யாருக்குத் தெரியும்?" என்றாள். வாசலுக்கு வெளியே ஒரு மரப்பெட்டியில் வைத்தார்கள். பெரியவர்கள் மட்டும் தூரத்திலிருந்து உணவு வைத்தார்கள். பூனையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டினார்கள். அதற்கும் ஊசி போட்டார்கள்.

ஜூலை 7-ஆம் தேதி குட்டி சாப்பிடவில்லை. பெட்டியின் மூலையில் ஒடுங்கியது. வாயிலிருந்து எச்சில் வடிந்தது. "தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும். எடுத்துவிடுகிறேன்" என்று பையன் ஓடினான். அக்கா அவனைப் பிடித்து நிறுத்தினாள். "இப்படி இருக்கும் நாயின் வாயில் யாரும் கை வைக்கக் கூடாது" என்றாள்.

மறுநாள் பிள்ளைகளுக்கு இரண்டாவது ஊசி. அதற்கு அடுத்த நாள் குட்டி செத்துவிட்டது. பையன் அழுதான். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செத்த குட்டியை யாரும் வெறுங்கையால் தொடவில்லை. மாநகராட்சி ஆட்கள் கையுறை போட்டு எடுத்துப் போனார்கள்.

"குட்டிதான் செத்துவிட்டதே. இனி ஊசி எதற்கு?" என்று கேட்டாள் ஆச்சி.

"குட்டி செத்ததால்தான் ஆச்சி, ஊசியை நிறுத்தவே கூடாது" என்றாள் அக்கா.

குட்டிக்கு வெறிநோய் இருந்ததா? வேறு நோயா? பரிசோதனை செய்யவில்லை. அதனால் யாருக்கும் தெரியாது. ஆனால் பிள்ளைகளுக்கு எல்லா ஊசியும் போட்டாகிவிட்டது. அந்தச் சீட்டுகளை அம்மா ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

வெறிநோய் என்றால் என்ன?

இதை ரேபிஸ் என்றும் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்கிருமியால் இந்த நோய் வருகிறது. நோய் கண்ட விலங்கின் எச்சிலில் கிருமி இருக்கும். அந்த விலங்கு கடித்தால் கிருமி நம் உடம்புக்குள் போகும். நகத்தால் கீறினாலும் போகலாம். புண்ணில் நக்கினாலும் போகலாம். கண், வாய், மூக்கில் எச்சில் பட்டாலும் போகலாம்.

உள்ளே போன கிருமி நரம்பு வழியாக ஊர்ந்து போகும். மெல்ல மெல்ல மூளையைச் சேரும். அதற்குப் பெரும்பாலும் 1 மாதம் முதல் 3 மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலும் வரலாம். சிலருக்கு ஒரு வருடம் கழித்தும் வரலாம். அதுவரை ஆள் நன்றாகவே இருப்பார். புண்ணும் ஆறிவிடும். "ஒன்றும் ஆகவில்லை" என்று நினைத்துவிடுவோம்.

கிருமி மூளையைச் சேர்ந்தால் காய்ச்சல் வரும். கடிபட்ட இடத்தில் குத்தல், அரிப்பு இருக்கும். தண்ணீர் குடிக்க முடியாது. தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும். காற்று பட்டாலும் பயம் வரும். அதன் பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

அதே சமயம் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். உடனே புண்ணைக் கழுவி, ஊசியை முழுவதும் போட்டுக்கொண்டால் இந்த நோய் வராமல் தடுக்கலாம். இவ்வளவு பெரிய நோய்க்கு இவ்வளவு எளிய காவல் இருக்கிறது. இருந்தும் நம் நாட்டில் ஆண்டுதோறும் பலர் இதனால் சாகிறார்கள். அவர்களில் குழந்தைகள் அதிகம். ஏன்? குழந்தைகள்தான் குட்டிகளோடு கொஞ்சி விளையாடுகிறார்கள். கடித்தால் அடி விழும் என்று மறைத்தும் விடுகிறார்கள்.

ஆகவே பெற்றோர்களே, நாய் கடித்தது என்று குழந்தை சொன்னால் திட்டாதீர்கள். அடிக்காதீர்கள். "சொன்னது நல்லது" என்று தட்டிக் கொடுங்கள். அந்த ஒரு சொல் உயிரைக் காக்கும்.

எந்த நாய்க்கு இந்த நோய் இருக்கிறது?

பார்த்துச் சொல்ல முடியாது. வெறிநாய் என்றால் ஓடி ஓடிக் கடிக்கும் என்று நினைக்கிறோம். சில நாய்கள் அப்படித்தான் செய்யும். வேறு சில நாய்கள் சத்தமே இல்லாமல் ஒரு மூலையில் கிடக்கும். தாடை தொங்கும். எச்சில் வடியும். விழுங்க முடியாது. குரைக்கும் குரல் மாறும். இதுவும் வெறிநோய்தான். இப்படிக் கிடக்கும் நாயைப் பார்த்துத்தான் நாம் இரக்கப்பட்டு அருகில் போகிறோம்.

இந்த அடையாளங்கள் வருவதற்குச் சில நாட்களுக்கு முன்பே எச்சிலில் கிருமி வந்துவிடும். அப்போது நாய் நல்ல நாயைப் போலவே இருக்கும். அதனால்தான் கடித்த நாயை 10 நாள் கவனிக்கச் சொல்கிறார்கள். 10 நாளும் நாய் நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். மீதி ஊசி வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார். ஆனால் முதல் ஊசிக்கு 10 நாள் காத்திருக்கக் கூடாது. அன்றே போட வேண்டும்.

பூனைக்கும் இந்த நோய் வரும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் வரும். குரங்குக்கும் வரும். குட்டி என்பதால் வராது என்பது தவறு.

கடித்தால் என்ன செய்ய வேண்டும்?

1. உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். குழாய் இல்லாவிட்டால் குவளையால் விட்டுக்கொண்டே இருங்கள். சோப்பு இந்தக் கிருமியைக் கொல்லும்.

2. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, எண்ணெய், மஞ்சள், காப்பித்தூள், சாணம் எதையும் வைக்காதீர்கள். சூடு போடாதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள்.

3. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மந்திரிப்பது, வேர் கட்டுவது என்று நாளைக் கடத்தாதீர்கள்.

4. ரத்தம் வந்ததா, வரவில்லையா, நக்கியதா, கீறியதா என்று மருத்துவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். ரத்தம் வராத சிறு கீறலுக்கும் ஊசி உண்டு. ரத்தம் வந்தால், அல்லது ஆறாத புண்ணில் எச்சில் பட்டால், ஊசியோடு புண்ணைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போடுவார்கள். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும் வரை அதுதான் காவல்.

5. சொன்ன தேதிகளில் எல்லாம் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள்.

கர்ப்பிணிகளும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். பால் கொடுக்கும் தாய்மார்களும் போட்டுக்கொள்ளலாம். கைக்குழந்தைக்கும் போடலாம். இதற்குப் பத்தியம் எதுவும் இல்லை.

நல்ல தோலில் நாய் நக்கியது. புண் இல்லை, கீறலும் இல்லை. அப்போது பயப்பட வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசியா?

"நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பயத்தில் பலர் ஆஸ்பத்திரிக்கே போவதில்லை.

ஒரு காலத்தில் அது உண்மை. இந்த நோய்க்கு முதன்முதலில் தடுப்பூசி கண்டவர் பிரான்ஸ் நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர். 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி அவரிடம் ஒரு சிறுவனைக் கொண்டு வந்தார்கள். பெயர் ஜோசப் மீஸ்டர். வயது 9. வெறிநாய் அவனைப் பல இடங்களில் கடித்திருந்தது. பாஸ்டரின் ஊசியால் அவன் பிழைத்தான். நம் நாட்டில் கசௌலி என்ற மலை ஊரில் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் 1911-ஆம் ஆண்டில் ஒரு தடுப்பூசியை உருவாக்கினார். அதைத்தான் நெடுங்காலம் வயிற்றில் போட்டார்கள்.

2004-ஆம் ஆண்டின் முடிவில் நம் நாட்டில் அந்தப் பழைய ஊசியின் தயாரிப்பு நின்றுவிட்டது. இப்போது போடுவது புதிய ஊசி. கையில்தான் போடுகிறார்கள். சிறு குழந்தைகளுக்குத் தொடையில் போடுவதும் உண்டு. தோலில் போடும் முறையில் 4 முறை போக வேண்டும். தசையில் போடும் முறையில் 5 முறை போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுகிறார்கள்.

வேறு என்ன நோய்கள் வரலாம்?

வெறிநோய்தான் எல்லாவற்றிலும் கொடியது. மற்றவை அவ்வளவு கொடியவை அல்ல. ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சொறி: குட்டியின் முடி கொட்டியிருக்கும். அது ஓயாமல் சொறியும். அதைத் தூக்கினால் நமக்கும் கையில், வயிற்றில் அரிப்பு வரலாம்.

படர்தாமரை: வட்ட வட்டமாகத் தோலில் படரும். பூனைக்குட்டியிடமிருந்தும் வரும். கடையில் கேட்டு ஏதாவது களிம்பு வாங்கிப் போடாதீர்கள். சில களிம்புகள் முதலில் அரிப்பை அடக்கி, பிறகு நோயைப் பரப்பிவிடும். மருத்துவரிடம் காட்டுங்கள்.

உண்ணியும் தெள்ளுப்பூச்சியும்: ஒரு ராத்திரி போதும். குட்டியின் உடம்பிலிருந்து இறங்கிப் பாயிலும் மூலையிலும் தங்கிவிடும். குட்டி போன பிறகும் இவை போகாது.

வயிற்றுப்புழு: குட்டியின் மலத்தில் புழு முட்டைகள் இருக்கும். அவை மண்ணில் கலக்கும். மண்ணில் விளையாடும் குழந்தை கை கழுவாமல் சாப்பிட்டால் முட்டை வயிற்றுக்குள் போகும். கொக்கிப்புழுவின் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

எலிக்காய்ச்சல்: பெயர்தான் எலிக்காய்ச்சல். நாயின் சிறுநீராலும் வரலாம். சிறுநீர் கலந்த தண்ணீர் நம் கால் புண்ணில் பட்டால் கிருமி உள்ளே போகும். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி மும்பையில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. தெருவெல்லாம் வெள்ளம். அதன் பிறகு அங்கே எலிக்காய்ச்சல் பரவியது. மழைக்காலத்தில் காய்ச்சலும் கடுமையான கால் வலியும் வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு சொல்: பூனையின் மலத்தில் உள்ள ஒருவகைக் கிருமி வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கலாம். ஆகவே பூனை மலத்தை வேறு யாராவது அள்ளட்டும். தினமும் அள்ளட்டும்.

நாம் வளர்க்கும் பிராணிகளுக்கு என்ன ஆபத்து?

உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருக்கலாம். புதிய குட்டி வந்தால் இரண்டும் மோந்து பார்க்கும். ஒரே தட்டில் சாப்பிடும். நமக்கு வேடிக்கையாக இருக்கும். நோய் பரவுவதும் அப்போதுதான்.

பார்வோ என்று ஒரு நோய் இருக்கிறது. நாய்க்குட்டிகளை இது கூட்டமாகக் கொல்லும். வாந்தி எடுக்கும். ரத்தமாகக் கழியும். சில நாளிலேயே குட்டி செத்துவிடும். மனிதருக்கு இது வராது. ஆனால் நாம் இதைச் சுமக்கலாம்! நம் செருப்பிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த நாயிடம் போய்ச் சேரும். இந்தக் கிருமி தரையில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். டிஸ்டெம்பர் என்பது இன்னொரு நோய். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். பிறகு வலிப்பு வரும். பூனைக்கும் இப்படிக் கழிச்சல் நோய் ஒன்று உண்டு.

இவற்றுக்கெல்லாம் தடுப்பூசி இருக்கிறது. நம் நாய்க்கு, நம் பூனைக்கு முன்பே போட்டுவிட்டால் பயம் குறையும். வெறிநோய் ஊசியைக் குட்டிக்கு 3 மாதம் ஆனதும் போட வேண்டும். பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் நாளில் மறுபடியும் போட வேண்டும்.

ஆட்டையோ மாட்டையோ நாய் கடித்துவிட்டால் அந்தப் புண்ணையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கையில் உறை மாட்டிக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த மாட்டின் பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்கக் கூடாது.

இடம் கொடுப்பது எப்படி?

இவ்வளவு ஆபத்து இருக்கிறதே, கதவைச் சாத்திவிடலாமா? வேண்டாம். இப்படிச் செய்யலாம்.

குட்டியை வெறுங்கையால் தூக்காதீர்கள். தடித்த துணியையோ சாக்கையோ போர்த்தித் தூக்குங்கள்.

வீட்டுக்குள் விடாதீர்கள். திண்ணையிலோ தாழ்வாரத்திலோ ஒரு பெட்டி வையுங்கள். பெட்டிக்குள் பழைய துணி போடுங்கள். சமையல் இடத்திலும் படுக்கையிலும் அதற்கு இடம் இல்லை.

அதற்கென்று தனித் தட்டு வையுங்கள். மீதி உணவை அங்கேயே விடாதீர்கள். எலி வரும்.

பெரியவர் ஒருவர் மட்டும் கவனிக்கட்டும். குழந்தைகள் தூரத்திலிருந்து பார்க்கட்டும். முத்தம் கொடுக்கக் கூடாது.

முதலில் வீட்டு நாய்க்குச் சோறு வையுங்கள். பிறகு புதிய குட்டியிடம் போங்கள். திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். செருப்பை வெளியே விடுங்கள்.

மலத்தைக் காகிதத்தாலோ மண்ணைப் போட்டோ அள்ளிக் குழியில் புதையுங்கள்.

அதிக நாள் வைக்க வேண்டுமானால் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஊசியும் பூச்சி மருந்தும் போடச் சொல்லுங்கள். 2 வாரமாவது வீட்டுப் பிராணிகளோடு சேர்க்காதீர்கள்.

குட்டி போன பிறகு தரையை முதலில் சோப்பு நீரால் கழுவுங்கள். பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரை ஊற்றுங்கள். 10 நிமிடம் ஊறட்டும். துணிகளை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள்.

தெரு எல்லாருக்கும் பொது

ஒரு வீடு மட்டும் கவனமாக இருந்தால் போதாது. தெருவே சேர வேண்டும். தெருவில் உள்ள நாய்களில் 100-க்கு 70 நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் அந்த இடத்தில் வெறிநோய் பரவுவது நின்றுவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2030-ஆம் ஆண்டுக்குள் நாய்களால் வரும் வெறிநோயை ஒழிக்க வேண்டும் என்று நம் நாடு 2021-ஆம் ஆண்டில் ஒரு திட்டம் வகுத்தது.

நாய்களை அடித்துக் கொல்வது இதற்கு வழி அல்ல. அது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஊசி போடுவதும், குட்டி போடாமல் அறுவை செய்வதும்தான் வழி. இதைச் செய்யும்படி ஊராட்சியிடமும் நகராட்சியிடமும் நாம் கேட்கலாம். நாலு பேர் சேர்ந்து மனு எழுதலாம். எழுதத்தான் இப்போது நமக்குத் தெரியுமே!

குப்பையைத் தெருவில் கொட்டாமல் இருப்பதும் நம் வேலை. குப்பை இருக்கும் இடத்தில்தான் நாய்கள் கூடும்.

பதில் சொல்லுங்கள்

1. தங்கையை நாய் கடிக்கவில்லை. பிறகு ஏன் அவளுக்கு ஊசி போட்டார்கள்?

2. அவள் முதலில் ஏன் உண்மையைச் சொல்லவில்லை?

3. நாய் கடித்த புண்ணை எத்தனை நிமிடம் கழுவ வேண்டும்?

4. குட்டி செத்த பிறகும் ஊசியை நிறுத்தக் கூடாது. ஏன்?

கணக்குப் போடுங்கள்

பையனுக்கு முதல் ஊசி ஜூலை 5-ஆம் தேதி. அடுத்த ஊசிகள் அன்றிலிருந்து 3-வது நாள், 7-வது நாள், 28-வது நாள். அவை எந்தத் தேதிகள்? ஜூலை மாதத்துக்கு 31 நாள். போட்டுப் பாருங்கள்.

(விடை: ஜூலை 8, ஜூலை 12, ஆகஸ்டு 2.)

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊரில் நாய் கடித்தால் புண்ணில் என்ன வைக்கிறார்கள்? அது சரியா? உங்கள் தெருவில் யாரையாவது நாய் கடித்திருக்கிறதா? அவர் எல்லா ஊசியும் போட்டுக்கொண்டாரா?

எழுதி வையுங்கள்

இதை விசாரித்து எழுதுங்கள். சுவரில் ஒட்டி வையுங்கள். ஒரு நாள் அவசரத்தில் உதவும்.

நாய்க்கடி ஊசி போடும் மருத்துவமனை: ..........

அங்கே போகும் பேருந்து: ..........

இரவிலும் திறந்திருக்குமா: ..........

கால்நடை மருத்துவமனை இருக்கும் இடம்: ..........